கடலை ஆகாத பிள்ளையோடு கடல் கடந்து: எந்த பாலிசி, எந்த ஊர், எந்த ஊசி?

என் மகளுக்கு ஒன்பது வயது, 26 கிலோ. வயதை யாராவது கேட்டால் சொல்வேன். எடையைக் கேட்காமலே சொல்லிப் பழகிவிட்டேன், ஏனென்றால் கடும் அலர்ஜி வந்தால் போடும் அட்ரினலின் ஊசியின் அளவு எடையைப் பார்த்துத்தான். வேர்க்கடலையும் முந்திரியும் அவளுக்கு ஆகாது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்யாணப் பந்தியில், குருமாவில் அரைத்து விட்டிருந்த முந்திரி இரண்டு வாய் உள்ளே போனது. உதடு வீங்கியது, கழுத்தெல்லாம் தடித்தது, பத்து நிமிடத்தில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மண்டபத்திலிருந்து ஆஸ்பத்திரி நாலு தெரு தள்ளி இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். தொடையில் ஓர் ஊசி போட்டார்கள், ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தார்கள், காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அந்த டிஸ்சார்ஜ் சம்மரி இன்னும் கோப்பில் இருக்கிறது. கீழே சொல்லப்போகும் கதையில் அந்தத் தாளுக்குப் பெரிய வேலை உண்டு.

இந்த மே மாத லீவில் ஆறு நாள் வெளிநாடு போகலாம் என்று முடிவானது. சிங்கப்பூர், தாய்லாந்து, இலங்கை என்று மூன்று பெயர்கள் மேசைக்கு வந்தன. கணவர் ஹோட்டல் விலை பார்க்க உட்கார்ந்தார், நான் பாலிசி படிக்க உட்கார்ந்தேன். அவர் வேலை ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிட்டது. என்னுடையது மூன்று வாரம்.

கட்டத்தில் ஒரு டிக்

டிராவல் இன்சூரன்ஸ் என்று நம் ஊரில் கைக்குக் கிடைப்பவை நாலு வழி. முதல் வழி, விமான டிக்கெட் எடுக்கும்போது கடைசிப் பக்கத்தில் வரும் சின்னக் கட்டம். தலைக்குச் சில நூறு ரூபாய், ஒரு டிக், முடிந்தது. உடம்பைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கமாட்டார்கள். முதலில் எனக்கு இது வசதியாகத்தான் பட்டது. கேட்காமல் விட்டதற்குக் காரணம் உள்ளே சின்ன எழுத்தில் இருந்தது: முன்பே உள்ள நோய் எதுவானாலும், அதனால் வரும் எதுவானாலும், பாலிசியில் சேராது. பெட்டி தாமதமானால், விமானம் ரத்தானால், கால் வழுக்கி விழுந்தால் உதவும். பெட்டி தொலைவதைப் பற்றி மட்டுமே கவலைப்படும் குடும்பத்துக்கு அது போதும்.

இரண்டாவது வழி கிரெடிட் கார்டோடு 'இலவசமாக' வருவது. இதில் நேரம் செலவழிக்க வேண்டாம். பெரும்பாலும் அந்தக் கார்டில் டிக்கெட் எடுத்திருக்க வேண்டும், கார்டுக்குச் சொந்தக்காரருக்கு மட்டும் செல்லும், பெரிய தொகை எல்லாம் விமான விபத்தில் உயிர் போனால்தான். நோய்க்கான சிகிச்சைச் செலவு சில கார்டுகளில் பேருக்கு இருக்கும், பலவற்றில் இருக்கவே இருக்காது. எங்கள் கார்டில் மகளின் பெயருக்கே இடமில்லை.

மூன்றாவது வழி, தனியாக ஒரு பாலிசி எடுத்து, அலர்ஜியைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பது. நாலாவது, அதே பாலிசியில் அலர்ஜியை எழுதிக் கொடுத்து எடுப்பது. உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். தெரிந்தவர் மூலமாக வந்த ஏஜென்ட் மூன்றாவதன் கட்சி.

"மேடம், அலர்ஜியெல்லாம் யாரும் போடறதில்ல. சுகர், பிபி, ஹார்ட்டு, இதெல்லாம்தான் போடணும். நீங்களா எழுதிக் கொடுத்தா பிரீமியம் ஏறும், இல்லன்னா ரிஜெக்ட் ஆகும்."

"நாளைக்கு க்ளெய்ம் வந்தா?"

"அதெல்லாம் வராது மேடம். நல்லதையே நெனைங்க."

நல்லதையே நினைப்பதென்றால் இன்சூரன்ஸ் எதற்கு என்று வாய்வரை வந்தது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு நியாயமான கேள்வி ஒளிந்திருக்கிறது: அலர்ஜி என்பது நோயா? என் மகள் வருடத்தில் 365 நாளும் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறாள். தினசரி மாத்திரை கிடையாது. ஓடுகிறாள், நீந்துகிறாள், ஸ்கூலுக்கு லீவு போடுவதில்லை. கடலை வாயில் படாதவரை அவளுக்கு ஒன்றுமில்லை.

பாலிசிக்காரர் அப்படிப் பார்ப்பதில்லை. இந்தியாவில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஹெல்த் பாலிசிகளுக்கு வைத்திருக்கும் விளக்கப்படி, பாலிசி தொடங்கும் நாளுக்கு முந்தைய 36 மாதத்துக்குள் ஒரு மருத்துவர் கண்டுபிடித்துச் சொன்ன, அல்லது சிகிச்சை கொடுத்த எந்த நிலையும் 'முன்பே உள்ள நோய்'தான். 2024 வரை அது 48 மாதமாக இருந்தது. டிராவல் பாலிசிகளில் ஒவ்வொரு கம்பெனியும் தன் வாசகத்தை வைத்திருக்கும், சிலவற்றில் மாதக் கணக்கே இருக்காது, 'எப்போதாவது' என்றிருக்கும். எப்படிப் பார்த்தாலும் எங்கள் வீட்டு டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டு வருடத்துக்குள் வந்தது. தப்பிக்க வழியில்லை.

சரி, கம்பெனிக்கு அந்தத் தாள் எப்படித் தெரியும்? ஏஜென்ட் கேட்ட கேள்வியும் அதுதான். யாரும் நம் கோப்பைத் திருடிப் பார்க்கப்போவதில்லை. ஆனால் ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். வெளியூர் ஆஸ்பத்திரி, பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது, எமர்ஜென்சி டாக்டர் ஓடி வருகிறார். அவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்விகளில் ஒன்று, "இவளுக்கு ஏற்கெனவே எதற்காவது அலர்ஜி உண்டா?" நான் என்ன சொல்வேன்? உண்டு, வேர்க்கடலை, முந்திரி, இரண்டு வருடம் முன் இதேபோல் ஒரு தடவை என்று கடகடவென்று சொல்வேன். சொல்லியே ஆக வேண்டும், பிள்ளையின் உயிர் அந்தப் பதிலில் இருக்கிறது. அவர் அதை அப்படியே கேஸ் ஷீட்டின் முதல் வரியில் எழுதுவார். மறுநாள் அந்தக் கேஸ் ஷீட்டின் நகல்தான் க்ளெய்மோடு கம்பெனிக்குப் போகும். விண்ணப்பத்தில் 'இல்லை' என்று நான் போட்ட டிக்கும், ஆஸ்பத்திரியில் 'உண்டு' என்று நானே சொன்ன வாக்குமூலமும் ஒரே கவரில் இருக்கும். இதற்குத் துப்பறியும் ஆள் தேவையில்லை.

மற்ற நோய்களை மறைப்பவர்களுக்காவது ஒரு சந்தேகத்தின் பலன் கிடைக்கலாம். அலர்ஜியில் அது சாத்தியமே இல்லை. அந்த இடத்தில் மூன்றாவது வழி எனக்கு மூடிவிட்டது.

எழுதிக் கொடுத்தால் என்ன கிடைக்கும்?

எழுதிக் கொடுத்ததால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நினைத்தால் அதுவும் தப்பு. நம் ஊர் டிராவல் பாலிசிகளில் பொதுவாக முன்பே உள்ள நோய்க்குக் கதவு சாத்தியிருக்கும், ஒரு சன்னல் மட்டும் திறந்திருக்கும். 'உயிருக்கு ஆபத்தான அவசர நிலை' என்பது அந்தச் சன்னலின் பெயர். அந்த நிலையில் நோயாளியின் உடம்பு சீராகும்வரை ஆகும் செலவைக் கொடுப்பார்கள், அதற்கு ஒரு தனி உச்சவரம்பும் வைப்பார்கள். நான் கடைசியில் எடுத்த பாலிசியின் முகப்பில் 50,000 டாலர் என்று கொட்டை எழுத்து. உள்ளே இந்தச் சன்னல் வழியே வருவது 10,000 டாலர்தான். முகப்பு எண்ணை வைத்து 50,000-ஆ, ஒரு லட்சமா என்று இரண்டு நாள் மண்டையை உடைத்தது வீண். எங்களுக்குரிய எண் 10,000. ஆசியாவில் ஒரு வாரத்துக்கு அது போதும் என்று கணக்குப் போட்டோம். அமெரிக்கா என்றால் போதாது, அங்கே எமர்ஜென்சி வாசலை மிதித்தாலே ஆயிரங்களில் பில் வரும்.

நல்லவேளையாக அனாஃபிலாக்சிஸ், அதாவது உடம்பையே உலுக்கும் கடும் அலர்ஜித் தாக்குதல், இந்தச் சன்னலுக்குள் நேராக நுழையும் நோய். மூச்சுப் பாதை அடைபட்டு, ரத்த அழுத்தம் விழும் நிலையை 'உயிருக்கு ஆபத்தில்லை' என்று யாராலும் வாதாட முடியாது. வெறும் தடிப்பு, அரிப்பு என்று போனால் வாதாடுவார்கள், அதைக் கைக்காசில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் இன்னொரு பொறி உண்டு. எனக்கு இது தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது. சில பாலிசிகள் 24 மணி நேரம் அட்மிட் ஆனால்தான் ஆஸ்பத்திரிச் செலவு என்று கணக்கெடுக்கும். அனாஃபிலாக்சிஸில் ஊசி போட்டதும் பெரும்பாலான பிள்ளைகள் அரைமணியில் தேறிவிடுவார்கள். அதற்குப் பிறகு சில மணி நேரம் எமர்ஜென்சியிலேயே வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புவதும் உண்டு. முதல் தாக்குதல் அடங்கிய பிறகு, திரும்பக் கடலை படாமலேயே, சில மணி நேரம் கழித்து இரண்டாவது தடவை வரலாம் என்பதால்தான் அந்தக் காவல். ஆக, உயிர் போகிற நோய், பெரிய பில், ஆனால் அட்மிஷன் இல்லை. 'எமர்ஜென்சி வெளிநோயாளி சிகிச்சை' என்ற வரி பாலிசியில் இல்லையென்றால் அத்தனையும் நம் தலையில். உச்சவரம்புக்கு அடுத்து நான் தேடச் சொல்வது இந்த வரியைத்தான். க்ளெய்மில் முதல் 50 அல்லது 100 டாலரை நாமே கட்ட வேண்டும் என்ற விதியும் இருக்கும், அது பெரிய விஷயமில்லை.

இரண்டு கம்பெனிகளுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினேன். "என் மகளுக்கு வேர்க்கடலை, முந்திரி அலர்ஜி. விண்ணப்பத்தில் எழுதித் தருகிறேன். வெளிநாட்டில் அனாஃபிலாக்சிஸ் வந்து, அட்மிட் ஆகாமல் எமர்ஜென்சியில் மட்டும் சிகிச்சை பெற்றால் செலவு கிடைக்குமா? உச்சவரம்பு எவ்வளவு?" ஒரு கம்பெனி நான் ஏற்கெனவே படித்த பக்கத்தையே வெட்டி ஒட்டி அனுப்பியது. இன்னொன்று நாலு நாள் கழித்து, கிடைக்கும், இவ்வளவுவரை, 24 மணி நேரத்துக்குள் எங்கள் உதவி மையத்துக்குச் சொல்ல வேண்டும் என்று மூன்று வரி எழுதியது. பிரீமியம் சில நூறு ரூபாய் அதிகம். மூன்று வரி எழுதியவர்களிடம் எடுத்தேன். போனில் கேட்டால் இரண்டு இடத்திலும் "கவர் ஆகும் மேடம்" என்றுதான் சொன்னார்கள், போனில் சொன்னதைக் கோப்பில் வைக்க முடியாது.

கடைசி நிமிடத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்றும் விடாதீர்கள். நம் கம்பெனிகள் பெரும்பாலும் இந்தியாவை விட்டுக் கிளம்புவதற்கு முன் எடுத்தால்தான் ஏற்பார்கள். அந்த மின்னஞ்சலுக்குப் பதில் வர நாலு நாள் ஆனதையும் கணக்கில் வையுங்கள்.

ஐரோப்பா போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள், எல்லா ஏஜென்ட்டும் அதற்கென்றே ஒரு பாலிசி வைத்திருப்பார்கள். விசா கிடைத்துவிட்டது என்பதால் அலர்ஜிக்குக் காப்பு இருக்கிறது என்று பொருளில்லை. தூதரகம் பார்ப்பது தொகையையும் தேதியையும்.

க்ளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டால், இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. அங்கே போகிற அன்று கையில் இருக்க வேண்டியது அந்த மூன்று வரி மின்னஞ்சல்.

ஊர்

கணவர் தாய்லாந்துக்குச் சாய்ந்தார். விலை குறைவு, கடல் அழகு. நான் பார்த்தது சாப்பாட்டை. பாட் தாய் என்ற நூடுல்ஸ் மேல் தூவுவது பொடித்த வேர்க்கடலை. பப்பாளிக்காய் சாலடான சோம் தாமிலும் வேர்க்கடலை, மசமன் குழம்பிலும் வேர்க்கடலை, குச்சியில் குத்திச் சுடும் இறைச்சியான சாத்தேவுக்குத் தொட்டுக்கொள்ளவும் அதுவே. கோழியோடு முந்திரி வதக்கிய உணவு ஒவ்வொரு மெனுவிலும் இருக்கும். சோம் தாமில் கடலை வேண்டாம் என்று சொன்னால் போட மாட்டார்கள், ஆனால் முந்தைய ஆளுக்குக் கடலை இடித்த அதே உரலில்தான் நமக்கும் இடிப்பார்கள். பாக்கெட்டில் எழுதியிருப்பது தாய் எழுத்து. பாங்காக்கில் முதல் தர ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் காட்டிய படம் பாங்காக் இல்லை, ஒரு தீவு. தீவிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் படகு. அனாஃபிலாக்சிஸ் படகு நேரம் பார்த்து வராது. அந்தப் பேச்சு அதோடு நின்றது.

இலங்கைக்கு என் மனம் உண்மையிலேயே போனது. தேங்காயும் அரிசியுமான சாப்பாடு, நம் மொழியிலேயே பேசிக் கேட்கலாம், 1990 என்ற எண்ணை அழுத்தினால் நாடு முழுக்க இலவச ஆம்புலன்ஸ். ஆனால் 'நம் மொழி' என்பதில்தான் எனக்கு ஓர் அதிர்ச்சி இருந்தது. யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தியிடம் "முந்திரி போடாதீங்கன்னு சொன்னாப் போதும்ல?" என்று கேட்டேன். "ஐயோ, அப்பிடிச் சொல்லாதையும்!" என்றாள். அங்கே முந்திரிகை என்றால் திராட்சை. நம் முந்திரிப்பருப்பு அவர்களுக்குக் கஜு. நாம் வேர்க்கடலை என்பதை அவர்கள் கச்சான் என்பார்கள், வெறும் கடலை என்றால் கொண்டைக்கடலை. "முந்திரி ஆகாது" என்று நான் பாயசத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால், அக்கறையோடு உலர்ந்த திராட்சையை எடுத்துவிட்டுக் கஜுவை விட்டிருப்பார்கள். தெரியாத மொழியில் பேசும்போது இரண்டு தடவை கேட்டுக்கொள்வோம், தெரிந்த மொழியில் கேட்கமாட்டோம். அதுதான் பயம்.

இலங்கையை விட்டதற்குக் காரணம் இந்தச் சொல் குழப்பம் இல்லை, அதை ஓர் அட்டையில் எழுதிச் சரிசெய்துவிடலாம். நாங்கள் பார்க்க நினைத்தது மலையகம். தேயிலைத் தோட்டத்து வளைவுச் சாலையில் ஆம்புலன்ஸ் வந்து சேரும் நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தோம், மகள் கொஞ்சம் பெரியவளாகட்டும் என்று தள்ளி வைத்தோம்.

சிங்கப்பூரின் சமையல் பத்திரமானது என்று யாரும் ஏமாற வேண்டாம். சாத்தே, ரோஜாக், ஐஸ் கச்சாங் என்று கடலை அங்கேயும் எங்கும் இருக்கிறது. லக்சா என்ற நூடுல்ஸ் குழம்புக்கு அரைக்கும் மசாலாவில் புவா கெராஸ் என்ற கொட்டை போடுவார்கள். அது முந்திரி இல்லை, ஆனால் அது கிடைக்காதபோது முந்திரியை அரைப்பவர்கள் உண்டு. ஹாக்கர் கடைகளில் ஒரே வாணலியில் நாலு ஆர்டர் புரளும். அந்த ஊருக்கு எங்கள் ஓட்டு விழுந்தது வேறு காரணத்துக்காக. ஊர் சின்னது. எங்கே நின்றாலும் ஒரு பெரிய ஆஸ்பத்திரி நிமிடக் கணக்கில்தான். கே.கே. மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் 24 மணி நேரக் குழந்தைகள் எமர்ஜென்சி இருக்கிறது, அது லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்திலேயே புக்கிட் தீமா சாலையில். ஹோட்டலை அங்கிருந்து நடக்கும் தூரத்தில் எடுத்தோம். கணவர் ஹோட்டல் விலைப் பட்டியலை மறுபடி திறந்தது அப்போதுதான். ஆம்புலன்ஸுக்கு 995.

பாக்கெட் உணவிலும் அங்கே கவலை குறைவு. நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிப்படி வேர்க்கடலையும், முந்திரி போன்ற மரக்கொட்டைகளும் அலர்ஜிப் பட்டியலில் உண்டு, சிங்கப்பூரிலும் உண்டு, ஆங்கிலத்தில் படித்துவிடலாம். எள் அலர்ஜி உள்ளவர்களுக்கு நிலைமை வேறு: ஐரோப்பிய ஒன்றியத்தின் 14 பொருள் பட்டியலில் எள்ளும் கடுகும் இருக்கின்றன, அமெரிக்கா 2023 ஜனவரியில் எள்ளைச் சேர்த்தது, நம் பட்டியலில் இன்னும் இல்லை. நல்லெண்ணெய் ஊற்றாத சமையலறை அரிதாக இருக்கும் நாட்டில் இது வேடிக்கை. எண்ணெய் என்றதும் இன்னொன்று: சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் அநேகமாகப் போய்விடுகிறது, இப்போது எல்லோரும் கொண்டாடும் செக்கு எண்ணெயில் அது தங்குகிறது. கடலை அலர்ஜிக்காரர்களுக்குச் செக்கு எண்ணெய் ஆரோக்கியமில்லை. உறவினர் வீட்டு விருந்தில் இதைச் சொல்லிப் பாருங்கள், உங்களைச் சண்டைக்காரி என்பார்கள்.

ஊசி

இங்கேதான் நான் முதலில் ஆரம்பித்திருக்க வேண்டும். எந்த பாலிசியும் முதல் ஐந்து நிமிடத்துக்கு வராது. அந்த ஐந்து நிமிடம் நம் கைப்பையில் இருப்பதுதான். செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரை அரிப்பை அடக்கும், மூச்சுக்குழாய் வீக்கத்தை நிறுத்தாது. அதற்கு அட்ரினலின் ஒன்றுதான்.

வெளிநாட்டுப் படங்களில் தொடையில் குத்தும் பேனா போன்ற ஊசி, எபிபென், நம் ஊர் மருந்துக்கடையில் கேட்டால் பெரும்பாலும் கையை விரிப்பார்கள். டாக்டர் சீட்டோடு வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், ஒன்றுக்குப் பல ஆயிரம் ஆகும், பத்துப் பன்னிரண்டு மாதத்தில் காலாவதியாகிவிடும். இரண்டு வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் 5 முதல் 15 நிமிடத்தில் தேறாவிட்டால் இன்னொரு ஊசி போட வேண்டும். மாற்று, 1 மில்லிலிட்டர் ஆம்பியூல், மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி. ஒன்றில் 1 மில்லிகிராம் அட்ரினலின், விலை சில பத்து ரூபாய். கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற கணக்கில் என் மகளுக்குக் கால் மில்லிலிட்டருக்குச் சற்று அதிகம்.

விலையை மட்டும் பார்த்தால் ஆம்பியூல் ஜெயித்துவிடும். ஆனால் கண்ணாடியை உடைத்து, சிரிஞ்சில் ஏற்றி, காற்றை வெளியேற்றி, அளவு பார்த்து, குழந்தை அலறும்போது தொடையில் போட வேண்டும். கனடாவில் 2001-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பெற்றோர்கள் மருந்தை ஏற்றி முடிக்கவே சராசரியாக 2 நிமிடத்துக்கு மேல் எடுத்தார்கள், ஏற்றிய அளவும் ஆளுக்கு ஆள் பல மடங்கு வேறுபட்டது. அதுவும் பதற்றமில்லாத சூழலில். பேனாவில் இந்தத் தொல்லை இல்லை: மூடியைக் கழற்று, தொடையின் வெளிப்பக்கம் அழுத்து, துணிக்கு மேலேயே போகும். 2024-ல் அமெரிக்கா மூக்கில் அடிக்கும் அட்ரினலின் ஸ்பிரேக்கும் அனுமதி கொடுத்தது. ஊசிக்குப் பயப்படும் பிள்ளைகளுக்கு வரப்பிரசாதம், நமக்கு இன்னும் தூரம்.

நாங்கள் இரண்டையும் கலந்தோம். உறவினர் மூலம் டாக்டர் சீட்டோடு வந்த 0.15 மில்லிகிராம் பேனா இரண்டு. பேனாவின் லேபிள்படி 15 முதல் 30 கிலோவரை உள்ள பிள்ளைகளுக்கு அந்த அளவு. பின்பலமாக நாலு ஆம்பியூல், சிரிஞ்சு. ஆம்பியூல் எடுக்கிறவர்கள் ஒரு தப்பைச் செய்யாதீர்கள்: வீட்டில் தாத்தாவுக்கு வாங்கிய இன்சுலின் சிரிஞ்சைத் தூக்கி வைக்காதீர்கள். அதில் இருப்பது யூனிட் கோடுகள், அவசரத்தில் தலை சுற்றும். ஊசியும் குட்டை, தசைவரை போகாது. டாக்டர் எழுதித் தரும் 1 மில்லிலிட்டர் சிரிஞ்சும் நீள ஊசியும் வேண்டும். எங்கள் டாக்டர் சரியான அளவில் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார், தண்ணீர் ஏற்றி என்னையும் கணவரையும் பத்துப் பத்துத் தடவை பழக்கினார். ஊசி போட்டதும் பிள்ளையைப் படுக்க வைக்க வேண்டும், மூச்சு திணறினால் சாய்த்து உட்கார வைக்கலாம், நடக்கவிடக் கூடாது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

சென்னை மே வெயிலில் அட்ரினலினைக் காரில் விட்டால் கெடும், ஃபிரிட்ஜில் வைத்தாலும் சரியில்லை. 20 முதல் 25 டிகிரி அதற்குப் பிடித்தமானது. விமானத்தில் கைப்பையில்தான், பெட்டியோடு சரக்கறைக்குப் போகக் கூடாது. டாக்டர் கடிதத்தில் மருந்தின் பெயர் 'அட்ரினலின்' என்றும் 'எபிநெஃப்ரின்' என்றும் இரண்டு விதமாகவும் இருக்கட்டும். நாட்டுக்கு நாடு பெயர் மாறுகிறது, மருந்து ஒன்றுதான். சோதனைச் சாவடியில் ஊசியைப் பார்த்ததும் எங்களை ஓரமாக நிறுத்தினார்கள், கடிதத்தைப் படித்ததும் விட்டுவிட்டார்கள்.

விமான நிறுவனத்திடம் கடலை இல்லாத பயணம் வேண்டுமென்று கேட்டால் உத்தரவாதம் எதுவும் தரமாட்டார்கள். காற்றில் பறக்கும் கடலைத் தூளைவிட, முந்தைய பயணி சாப்பிட்டுத் துடைக்காமல் போன சாப்பாட்டுத் தட்டுப் பலகைதான் பிரச்சினை. ஈரத் துடைப்பத்தால் பலகை, கைப்பிடி, சீட் பெல்ட் பிடி எல்லாம் துடைத்தேன். நாலு மணி நேரப் பயணத்துக்கு வீட்டிலிருந்து எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கும்.

லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் பரிமாற வந்த பையன் புதுக்கோட்டைப் பக்கம். "தம்பி, பாப்பாவுக்குக் கடலை ஆகாது" என்றேன். "கவலைப்படாதீங்கக்கா, நாங்க பஜ்ஜியே போடறதில்ல" என்றான். அவன் மனதில் வந்தது கடலைமாவு. அட்டையை நீட்டினேன். அதில் நாலு மொழியில், தமிழில் மட்டும் இரண்டு விதமாக எழுதியிருந்தேன். படித்துவிட்டு உள்ளே திரும்பி, "மாஸ்டர், கச்சாங்கும் கஜுவும் எதுல இருக்கு?" என்று கத்தினான். கச்சாங் என்பது மலாய் மொழியில் கடலை. குருமா, சட்னி, கேசரி என்று உள்ளேயிருந்து பட்டியல் வந்தது. தோசையும் சாம்பாரும் சாப்பிட்டோம்.

ஆறு நாளில் ஒன்றும் நடக்கவில்லை. பாலிசிக் காசு போச்சு என்று கணவர் சிரித்தார். வீட்டுக்கு வந்து மகளை எடைபோட்டால் 27.5. டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன், சிரிஞ்சில் இருக்கும் சிவப்புக் கோட்டைக் கொஞ்சம் மேலே ஏற்றச் சொல்லிப் பதில் வந்தது.